அலியா, டைசனா? முதலில் வருஷத்தைச் சொல்லுங்கள்!

போன இதழில் குத்துச்சண்டை பற்றி ஏதோ பேச்சுவாக்கில் நாலு வரி எழுதினேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இந்த முறை கிரிக்கெட்டுக்கு லீவு, பக்கம் முழுக்கச் சண்டைதான்.

கேள்வி: ஐயா, எனக்கும் என் மச்சானுக்கும் மூன்று மாதமாகத் தகராறு. முகமது அலியும் மைக் டைசனும் மோதினால் யார் ஜெயிப்பார்கள்? நான் அலி கட்சி, அவன் டைசன் கட்சி. தோற்றவர் பிரியாணி வாங்கித் தர வேண்டும் என்று பந்தயம். தயவுசெய்து மழுப்பாமல் சொல்லுங்கள்.
(வாசகர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்)

பதில்: மழுப்பவில்லை, அலிதான். ஒன்பதாவது அல்லது பத்தாவது ரவுண்டில் நடுவர் குறுக்கே புகுந்து நிறுத்துவார். ஆனால் இந்த ஒரு வரியை மட்டும் மச்சானிடம் காட்டிவிட்டு நேராகப் பிரியாணிக் கடைக்கு இழுத்துக்கொண்டு போய்விடாதீர்கள், அவர் பக்கத்திலும் கனமான நியாயம் இருக்கிறது, அதுவும் முதல் நாலு ரவுண்டு வரைக்கும் அவர் கட்சியின் கைதான் ஓங்கியிருக்கும்.

இந்த மாதிரி வாதத்தில் எல்லோரும் ஒரு திருட்டுத்தனம் செய்வோம். நம்ம ஆளுக்கு நல்ல வருஷத்தை எடுத்துக்கொண்டு எதிராளுக்குக் கெட்ட வருஷத்தைக் கொடுத்துவிடுவோம். உங்கள் மச்சான் 1988 டைசனைக் கொண்டுவந்து 1980 அலி மேல் ஏவி விடுவார், நீங்கள் 1966 அலியைக் கூட்டிவந்து 2002-இல் லெனாக்ஸ் லூயிஸிடம் எட்டாவது ரவுண்டில் சுருண்டு விழுந்த டைசன் முன்னால் நிறுத்துவீர்கள். அது சண்டை இல்லை, மோசடி. அதனால் நான் இருவருக்குமே உச்ச நாளை எடுத்துக்கொள்கிறேன். அலிக்கு 1966 நவம்பர், ஹூஸ்டனில் கிளீவ்லேண்ட் வில்லியம்ஸை மூன்றே ரவுண்டில் முடித்த இரவு, வயது 24. டைசனுக்கு 1988 ஜூன் 27, அட்லாண்டிக் சிட்டியில் அதுவரை தோல்வியே அறியாத மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 விநாடியில் படுக்க வைத்த இரவு, 22 வயது முடிய இன்னும் மூன்று நாள் பாக்கி.

அலியின் உயரம் 6 அடி 3 அங்குலம், டைசன் 5 அடி 10. இரண்டு கையையும் விரித்து அளந்தால் அலிக்கு 78 அங்குலம், டைசனுக்கு 71. எடையில் மட்டும் கதை மாறுகிறது, அந்த இரவுகளில் அலி 96 கிலோ சொச்சம், டைசன் 99. குள்ளமான ஆள்தான் கனமான ஆள், இதைப் பலர் கவனிப்பதில்லை.

சரி, குள்ளமானவர் எப்படி உள்ளே போவார்? அங்கேதான் டைசனின் குரு கஸ் டாமாட்டோ வருகிறார். இரண்டு கிளவுஸையும் கன்னத்தோடு ஒட்டி, முழங்கையை விலாவோடு சேர்த்து, தலையை ஒரு நிமிஷம்கூட ஒரே இடத்தில் வைக்காமல் ஆட்டிக்கொண்டே முன்னேறுவது அவர் பள்ளியின் பாணி. 'பீக்-எ-பூ' என்பார்கள், குழந்தைக்கு முகத்தை மூடித் திறந்து விளையாட்டுக் காட்டுவோமே, அது. மெத்தையைச் சுருட்டிக் கட்டி, அதில் தாடை, விலா, வயிறு என்று ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண் எழுதிவைத்து, எண்ணைச் சொல்லச் சொல்லக் குத்த வேண்டும். டைசன் அதைக் குத்திக் குத்தி, யோசிக்காமலே கை போகிற நிலைக்கு வந்துவிட்டார். வலது கையால் விலாவில் ஒன்று, அதே வலது கையைத் திருப்பித் தாடைக்குக் கீழே ஓர் அப்பர்கட்; இரண்டாவது குத்து வருவதே விழுந்த பிறகுதான் எதிராளிக்குத் தெரியும்.

அந்த விலாக் குத்து எப்படி இருக்கும் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். தொண்ணூறுகளில் நான் 63.5 கிலோ பிரிவில் ஆடியவன், ஒட்டடைக்குச்சி உடம்பு. ஒரு போட்டியில் எனக்கு எதிரே வந்தவர் கடலூர் முதுநகரில் மீன் ஏற்றும் இடத்தில் ஐஸ் பெட்டி தூக்குகிறவர், என் தோளுக்குத்தான் இருப்பார். இரண்டு ரவுண்டு என் இடது கை ஜாபை (முன் கையை நேராக நீட்டிப் போடும் குத்து) மூஞ்சியில் வாங்கிக்கொண்டு சிரித்தபடியே வந்தார். எனக்கு ஜெயித்துவிட்ட நினைப்பு. மூன்றாவது ரவுண்டில் எப்படி உள்ளே வந்தார் என்றே தெரியவில்லை, வலது பக்க விலாவுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம் இருக்கிறது பாருங்கள், அதில் ஒன்று வைத்தார். வலிகூட ஒரு விநாடி கழித்துத்தான் வந்தது. மூச்சு உள்ளே போய்விட்டது, வெளியே வரமாட்டேன் என்கிறது. மண்டி போட்டு உட்கார்ந்து நடுவர் பத்து எண்ணுவதைக் கல்யாண வீட்டில் மைக் டெஸ்ட் கேட்பது மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆகவே உங்கள் மச்சானை நான் ஏளனம் செய்யவே மாட்டேன்.

அவர் இன்னொன்றும் சொல்லலாம், சொல்லட்டும். 1987-இல் டைரல் பிக்ஸ் என்று ஒருவர், 1984 ஒலிம்பிக் தங்கம், 6 அடி 5, அலி மாதிரியே சுற்றிச் சுற்றி ஜாப் போட்டு டைசனைச் சமாளிக்கத் திட்டம் போட்டார். முதல் ரவுண்டு ஓடியது, அப்புறம் ஏழாவது ரவுண்டில் கதை முடிந்தது. உயரமும் ஓட்டமும் மட்டும் போதாது என்பதற்கு பிக்ஸ் சாட்சி. அதோடு அலிக்கு ஒரு பழைய வியாதி உண்டு, இடது ஹூக், அதாவது எதிராளி இடது கையை மடக்கிப் பக்கவாட்டிலிருந்து வீசும் குத்து. 1962-இல் சோனி பேங்க்ஸ் அவரை விழவைத்தது இடது ஹூக்கில், 1963-இல் லண்டனில் ஹென்றி கூப்பர் விழவைத்தது இடது ஹூக்கில், 1971 மார்ச் 8 நியூயார்க்கில் பதினைந்தாவது ரவுண்டில் ஜோ ஃபிரேசியர் மல்லாக்கப் போட்டதும் அதே இடது ஹூக்கில். காரணம் சாதாரணமானது. அலி கையைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு குத்து வரும்போது தலையை நேராகப் பின்னால் இழுப்பார், வலது கன்னம் திறந்து கிடக்கும். டைசன் தரையிலிருந்து எம்பிப் பாய்ந்து இடது ஹூக் போடுகிறவர். இந்த இடத்தில் என் நெஞ்சும் திக்கென்றுதான் இருக்கிறது.

பிறகு ஏன் அலி என்கிறேன்? மேலே சொன்ன மூன்று முறையும் அவர் எழுந்தார். கூப்பரிடம் விழுந்தவர் அடுத்த ரவுண்டிலேயே கூப்பரின் முகத்தைக் கிழித்து ஜெயித்தார், ஃபிரேசியரிடம் தாடை வீங்கி விழுந்தவர் எண்ணி முடிப்பதற்குள் எழுந்து மிச்ச ரவுண்டையும் ஆடினார். டைசன் தன் நல்ல காலத்தில் விழுந்ததே இல்லை என்பது உண்மை, ஆனால் பின்னால் விழுந்த எந்தச் சண்டையையும் அவர் ஜெயித்ததும் இல்லை.

அடுத்து, டாமாட்டோ பாணியை அலி பார்க்காதவர் இல்லை. அதே குருவிடம் வளர்ந்த ஃபிளாய்ட் பாட்டர்சனை 1965 நவம்பர் 22-இல் லாஸ் வேகாஸில் பன்னிரண்டு ரவுண்டு வைத்து வறுத்தெடுத்தார். (சரியாக 21 வருஷம் கழித்து, அதே நவம்பர் 22, அதே லாஸ் வேகாஸ், டைசன் 20 வயதில் டிரெவர் பெர்பிக்கை வீழ்த்தி ஹெவிவெயிட் என்கிற கனமான எடைப் பிரிவில் மிக இளைய சாம்பியன் ஆனார். சும்மா ஒரு தகவல்.) பாட்டர்சனுக்கு அன்று முதுகு வலி, டைசனின் பலத்தில் பாதிகூடக் கிடையாது, அதெல்லாம் சரி. ஆனால் தலையை ஆட்டிக்கொண்டு வரும் ஆளை எந்தத் தூரத்தில் நிறுத்துவது என்ற பாடத்தை அலி அங்கே படித்துவிட்டார்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம், அலி ரசிகர்கள் இதை விரும்பிப் பேசுவதில்லை. அலி அழகாக ஆடுவார் என்கிறோம், அவர் அழகில்லாமல் கட்டிப்பிடிப்பதிலும் கில்லாடி. எதிராளி குனிந்து உள்ளே வந்ததும் இடது கையைப் பிடரியில் போட்டுக் கீழே அமுக்கிவிடுவார். 1974 ஜனவரியில் ஃபிரேசியருடன் ஆடிய இரண்டாவது சண்டையைப் பார்த்தால் பாதி நேரம் குத்துச்சண்டையா, பஸ் ஸ்டாண்டில் சொந்தக்காரரை வழியனுப்புவதா என்று சந்தேகம் வரும். இளவயதில் இதை அவ்வளவு செய்ததில்லை, செய்ய அவசியம் வரவில்லை. வந்தால் செய்திருப்பார் என்பது என் ஊகம். டைசனுக்கு இது விஷம். 1987-இல் போன்கிரஷர் ஸ்மித் பன்னிரண்டு ரவுண்டும் அவரைப் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு கிடந்தார், டைசனால் படுக்க வைக்க முடியவில்லை. அதே வருஷம் டோனி டக்கரும் பன்னிரண்டு ரவுண்டு தாக்குப்பிடித்தார். இரண்டிலும் டைசன்தான் ஜெயித்தார், ஆனால் அவர்கள் இருவரும் அலி இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் இதை வைத்தே ஒரு சோதனை செய்தோம். நான் பயிற்சி கொடுக்கிற பையன்களில் ஒருவன் படகு தள்ளிப் பழகிய குள்ளமான பையன், தோளே தூண் மாதிரி. இன்னொருவன் கல்லூரி மாணவன், நெட்டை. குத்த வேண்டாம், குள்ளமானவன் நெட்டையின் வயிற்றைத் தொட்டால் போதும் என்றேன். அலை நனைத்து இறுகிய மணலில் ஆடியபோது முதல் இரண்டு நிமிஷத்தில் ஒன்பது முறை தொட்டான். ஆறாவது நிமிஷத்துக்கு மேல் ஒருமுறைகூட முடியவில்லை. ஒவ்வொரு முறையும் குனிந்து, எழுந்து, மறுபடி குனிந்து அவன் தொடை நடுங்கியது, நெட்டைப் பையன் பாட்டுக்கு அரை அடி அரை அடியாக நகர்ந்துகொண்டிருந்தான். பிறகு மேலே உலர்ந்த மணலுக்குப் போனோம், நெட்டைக்குக் கால் புதைந்தது, குள்ளமானவன் உடனே தொட்டுவிட்டான்! அதனால் உங்கள் பந்தயத்தில் தரையும் முக்கியம், இறுக்கமான தரை, இருபது அடி ரிங் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ரவுண்டு எத்தனை என்பதையும்தான். அலி காலத்தில் சாம்பியன் சண்டைக்குப் பதினைந்து ரவுண்டு. 1982 நவம்பரில் தென்கொரியாவின் டுக் கூ கிம் சண்டையில் அடிபட்டு இறந்த பிறகு உலகக் குத்துச்சண்டை கவுன்சில் 1983 முதல் பன்னிரண்டாகக் குறைத்தது, டைசன் அந்தப் பன்னிரண்டில் வளர்ந்தவர்.

கடைசியாக, டோக்கியோ, 1990 பிப்ரவரி 11. டைசன் தோற்க ஒன்றுக்கு 42 என்று பந்தயம் கட்டப்பட்ட சண்டை. பஸ்டர் டக்ளஸ் செய்தது இவ்வளவுதான்: நீளமான கையால் ஜாப், டைசன் உள்ளே வந்தால் கட்டிப்பிடிப்பு, விட்டதும் மறுபடி ஜாப். எட்டாவது ரவுண்டில் டக்ளஸ் விழுந்தார், எழுந்தார். பத்தாவதில் டைசன் தரையில் முட்டிபோட்டுத் தன் பல் கவசத்தைத் தேடிக்கொண்டிருந்தார். அன்றைய டைசன் உழைக்காத டைசன், பழைய பயிற்சியாளர் கெவின் ரூனியை 1988-இலேயே அனுப்பிவிட்டவர், வீங்கிய கண்ணில் வைக்க அவருடைய ரிங் மூலை உதவியாளர்களிடம் சரியான சாமான்கூட இல்லாமல் ரப்பர் கையுறையில் ஐஸ் தண்ணீர் ஊற்றி வைத்தார்கள். 1988 டைசனை டக்ளஸ் வென்றிருக்க மாட்டார், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பூட்டு எங்கே இருக்கிறது என்று டக்ளஸ் காட்டிவிட்டார், அலியிடம் இருந்தது அதைவிட நல்ல சாவி.

ஆக முதல் நாலு ரவுண்டில் அலி ஒருமுறை விழுவார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிரியாணி மச்சான் செலவு, விழுந்ததற்காகத் தயிர்ப் பச்சடி உங்கள் செலவு.

கேள்வி: லாரி ஹோம்ஸ் அலியை அடித்தார். டைசன் ஹோம்ஸை அடித்தார். அப்புறம் என்ன வாதம்?
(கல்லூரி மாணவர், லாஸ்பேட்டை, புதுச்சேரி)

பதில்: தம்பி, கணக்கு அழகாக இருக்கிறது, தேதியைப் போட்டுப் பாருங்கள். 1980 அக்டோபர் 2, ஹோம்ஸ் அலியை அடித்தபோது அலிக்கு 38 வயது, பத்தாவது ரவுண்டு முடிந்ததும் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டியே போதும் என்று நிறுத்தினார். 1988 ஜனவரியில் டைசன் நாலாவது ரவுண்டில் ஹோம்ஸை வீழ்த்தியபோது ஹோம்ஸுக்கும் 38, ஒன்றே முக்கால் வருஷம் சண்டையே போடாமல் இருந்து திரும்பி வந்தவர். இரண்டு தடவையும் தோற்றது 38 வயதுதான். அந்த 1988 இரவு ரிங்குக்கு வந்த அலி தன் காதில் 'எனக்காக அவனை அடி' என்கிற மாதிரிச் சொன்னதாக டைசன் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

உங்கள் கணக்கை வைத்தே ஒன்று பாருங்கள். ஃபிரேசியர் 1971-இல் அலியை வென்றார். 1973-இல் ஜார்ஜ் ஃபோர்மன் ஃபிரேசியரை இரண்டே ரவுண்டில் ஆறு முறை விழவைத்து முடித்தார். அதே 1973-இல் கென் நார்ட்டன் அலியின் தாடையை உடைத்து ஜெயித்தார், அடுத்த வருஷம் ஃபோர்மன் நார்ட்டனையும் இரண்டு ரவுண்டில் முடித்தார். அப்படியானால் ஃபோர்மன் அலியை ஒரே ரவுண்டில் முடிக்க வேண்டும், இல்லையா? 1974 அக்டோபர் 30, கின்ஷாசா, எட்டாவது ரவுண்டில் கீழே கிடந்தது ஃபோர்மன். கல், காகிதம், கத்தரிக்கோல் விளையாடியிருப்பீர்கள், அதுதான் இது.

கேள்வி: இதையெல்லாம் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடாதா?
(வாசகர், நெல்லிக்குப்பம்)

பதில்: போட்டாயிற்று, அதுவும் உங்கள் கம்ப்யூட்டர் பிறப்பதற்கு முன்னாலேயே. மயாமியில் முர்ரே வொரோனர் என்ற வானொலித் தயாரிப்பாளர் 1967-இல் பழைய சாம்பியன்களின் விவரங்களைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துக் கற்பனைப் போட்டி நடத்தினார். அதில் அலி காலிறுதியில் 1899-இல் சாம்பியனான ஜிம் ஜெஃப்ரிஸிடம் தோற்றுப்போனதாக வந்தது. அலிக்கு வந்ததே கோபம், பத்து லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். சமாதானப் பேச்சில் கடைசியாக ஒரு படம் எடுப்பது என்று முடிவானது. 49 சண்டையில் ஒன்றுகூடத் தோற்காமல் ஓய்வு பெற்ற ராக்கி மார்சியானோ உடம்பை இறக்கி, தலையில் விக் வைத்துக்கொண்டு வந்து, அலியோடு நிஜமாகவே ரிங்கில் ஆடினார். பல முடிவுகளைப் படம் பிடித்து வைத்துக்கொண்டார்கள். 1970 ஜனவரியில் அமெரிக்கத் தியேட்டர்களில் வெளியானபோது மார்சியானோ பதின்மூன்றாவது ரவுண்டில் நாக்அவுட்டில் ஜெயித்தார். பாவம், அதைப் பார்க்க அவர் இல்லை, 1969 ஆகஸ்டில் விமான விபத்தில் இறந்துவிட்டார். பல முடிவை எடுத்து வைத்துக்கொண்டு ஒன்றைப் போட்டுக் காட்டுகிறவர்களை நம்பித் தீர்ப்புக் கேட்பதைவிட நம் டீக்கடை பெஞ்சு மேல்.

கேள்வி: எப்போதும் ஆண்களைப் பற்றியே எழுதுகிறீர்கள். உச்சத்தில் இருக்கும் மேரி கோம், உச்சத்தில் இருக்கும் நிகத் ஜரீன், யார்?
(வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

பதில்: குட்டு சரியான இடத்தில் விழுந்தது. இவர்கள் நிஜமாகவே மோதியிருக்கிறார்கள் அம்மா. 2019 டிசம்பரில் டெல்லியில், ஒலிம்பிக் தகுதிப் போட்டிக்கு யாரை அனுப்புவது என்ற 51 கிலோ தேர்வில் மேரி 9-1 என்று வென்றார், முடிந்ததும் கை குலுக்கவில்லை, அது பெரிய பேச்சானது. அப்போது மேரிக்கு 37, நிகத்துக்கு 23. வயதை மட்டும் பார்த்தால் மேரிக்குத்தான் நஷ்டமான நாள், அப்படியும் வென்றார்.

ஆனால் நிகத்தின் உச்சம் அதற்குப் பிறகுதான் வந்தது, 2022-இல் இஸ்தான்புல்லில் 52 கிலோ உலகப் பட்டம், 2023-இல் டெல்லியில் 50 கிலோ. மேரியின் ஆறு உலகப் பட்டங்களும் 45 முதல் 48 கிலோவுக்குள் வந்தவை, 2012 ஒலிம்பிக்கில் வேறு வழியில்லாமல் 51-க்கு ஏறித்தான் வெண்கலம் வாங்கினார். ஆகவே 48 கிலோவில் மோதினால் மேரி, இடக்கைக்காரர், உள்ளே புகுந்து நாலு குத்து போட்டுவிட்டு வெளியே வந்துவிடுவார். 52-இல் மோதினால் நிகத், தூரத்தில் நிறுத்தியே புள்ளி எடுப்பார். 50 கிலோவில்? காசு கொடுத்து டிக்கெட் வாங்கிப் பார்ப்பேன்.

கேள்வி: புரூஸ் லீ அலியை அடித்திருப்பாரா?
(வாசகர், பண்ருட்டி)

பதில்: மாட்டார். எடையில் முப்பது கிலோவுக்கு மேல் வித்தியாசம். பலாப்பழ ஊர்க்காரர், எடையின் அருமை உங்களுக்குத் தெரியாதா?

கேள்வி: குத்துச்சண்டைக்காரரும் மல்யுத்தக்காரரும் மோதினால்?
(வாசகர், அரியாங்குப்பம்)

பதில்: 1976 ஜூன் 26, டோக்கியோவில் அலியும் ஜப்பானிய மல்யுத்தக்காரர் அன்டோனியோ இனோகியும் மோதினார்கள். இனோகி பதினைந்து ரவுண்டும் பெரும்பாலும் தரையில் படுத்துக்கொண்டு அலியின் காலை உதைத்துக்கொண்டே இருந்தார். அலி சரியாகக் குத்தியது கைவிரல்களில் எண்ணும் அளவுதான். டிரா. அலியின் கால் வீங்கி ஆஸ்பத்திரி வரை போனது. விதி யார் பக்கம் எழுதப்பட்டிருக்கிறதோ அவர் பக்கம் சண்டை சாயும், பிடிக்கலாம் உருளலாம் என்றால் மல்யுத்தக்காரர், நின்றுதான் ஆட வேண்டும் என்றால் மற்றவர். அன்று இரண்டும் கெட்டான் விதி, அதனால் இரண்டும் கெட்டான் சண்டை.

கேள்வி: நான் கேள்வி கேட்கவில்லை. 1980-இல் மெட்ராஸ் நேரு ஸ்டேடியத்தில் முகமது அலியை நேரில் பார்த்தவன் நான். கடலூரிலிருந்து பஸ் பிடித்துப் போனேன். அவரைப் பற்றி எழுதும்போது பார்த்து எழுதுங்கள்.
(வாசகர், வயது 68, மஞ்சக்குப்பம், கடலூர்)

பதில்: ஐயா, பொறாமையாக இருக்கிறது. நீங்கள் பார்த்தது ஓய்வு அறிவித்துவிட்டு வந்திருந்த 38 வயது அலியை. அன்று அவரோடு காட்சிச் சண்டை ஆடிய ஜிம்மி எல்லிஸும் சாதாரண ஆள் இல்லை, அலியின் சொந்த ஊரான லூயிவில்காரர், பயிற்சியில் அலியோடு ஆயிரம் ரவுண்டு ஆடியிருப்பார், ஒரு காலத்தில் அவரே சாம்பியன், 1971-இல் அலியிடம் பன்னிரண்டாவது ரவுண்டில் தோற்றவர். எட்டு மாதம் கழித்து ஹோம்ஸ் முன்னால் போய் நிற்கப்போகிற கால்களை அன்று நீங்கள் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறீர்கள். அந்தக் கால் அப்போதும் ஆடியதா, இல்லை கூட்டத்துக்காக நாலு முறை ஆடிக் காட்டிவிட்டு நின்றுவிட்டதா? வீடியோவில் தெரியாத விஷயம் அது. ஒரு கார்டில் எழுதிப் போடுங்கள், அடுத்த இதழில் இந்தப் பக்கத்தை உங்களுக்கே விட்டுவிடுகிறேன்.